துண்டு கொடியை விட்ட நேரம்

ஜூன் 4

நிமிஷக்கார மருமகளுக்கு,

மாமனார் எழுதிக்கிறது. நான் சௌக்கியம். நீ சௌக்கியமான்னு கேக்கல. மத்தவங்க வயித்தெரிச்சல்ல தண்ணி குடிச்சு வளர்ற செடி நீ, உனக்கென்ன குறைச்சல்?

போன்ல பேசினா பாதியில வெச்சிடுவ. லெட்டரைப் பாதியில வெச்சாலும் மிச்சம் அங்கயேதான் கிடக்கும், என்னைக்காவது கண்ணுல குத்தும். அதான் லெட்டர். எழுத்துப் பிழை இருந்தா சிவப்பு மையில சுழிச்சு வை. எனக்கு அஞ்சாவது நடத்தின வாத்தியாரு போய்ச் சேர்ந்துட்டாரு. அந்த வேலை காலியாத்தான் இருக்கு.

நான் இப்ப என் பழைய கிளீனரோட பஞ்சர் கடைக்கு மேல ஒரு ரூம்ல இருக்கேன். என் லாரியில ஏறினப்ப அவனுக்கு மீசை முளைக்கல, இப்ப தலையே நரைச்சாச்சு. ஆனா இன்னைக்கும் என் செருப்புச் சத்தம் கேட்டா பீடியை முதுகுக்குப் பின்னால கொண்டுபோறான். மரியாதைன்னா அது. என் மகன் வீட்டுல எனக்குக் கிடைச்ச மரியாதையைப் பாத்ரூம் கதவுல ஒட்டி வெச்சிருந்தாங்க.

யாரு குளிக்க எவ்வளவு நேரம் எடுக்கிறோம்னு ஒரு பேப்பர்ல நாலு குச்சி வரைஞ்சிருந்த. உனக்கு ஒண்ணு, என் மகனுக்கு ஒண்ணு, விருந்தாளியா வந்த உங்கம்மாவுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. உங்க மூணு பேர் குச்சியும் பல்லு குத்துற சைஸ். என் குச்சி மட்டும் கொடிமரம். அதுக்குத் தலையில 'ஒரு மணி நேரம்'னு எழுத்து வேற. உங்கம்மா கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கிட்டுப் படிச்சாங்க. "சம்பந்தி, ஒரு மணி நேரம் உள்ள என்ன பண்ணுவீங்க?"ன்னு கேட்டாங்க. ஒரு வயசான மனுஷன் இதுக்கு என்ன பதில் சொல்றது? "உங்க பொண்ணுக்குப் பயந்து ஒளிஞ்சுக்கிறேம்மா"ன்னேன். நீ மூஞ்சியை மோர்ச்சட்டி மாதிரி வெச்சுக்கிட்ட. நான் பேப்பரைக் கிழிச்சேன், பையைத் தூக்கினேன்.

உன் உத்தியோகத்தைப் பத்தி உன் புருஷன்தான் சொன்னான். கம்ப்யூட்டருக்குள்ள ஒரே நேரத்துல நிறைய பேரு ஓடுவாங்களாம். யாருக்கு எவ்வளவு நேரம் ஆச்சுன்னு நீ பார்த்துச் சொல்லுவியாம். ஓடுறவனுக்குக் கூலி கிடையாது, விசில் ஊதுறவளுக்குச் சம்பளம்! நல்ல பொழப்பு. அதை ஆபீஸோட வெச்சுக்கம்மா. குளிக்கிற கிழவன்கிட்ட கொண்டு வராத.

இப்ப விஷயத்துக்கு வரேன். 'ஒரு மணி நேரம்' தப்புன்னு உன் கையால ஒரு வரி எழுதி அனுப்பு. வந்தா அந்த வாசப்படி மிதிப்பேன். வரலன்னா இந்த ரப்பர் நாத்தத்துலயே மிச்சக் காலத்தையும் ஓட்டுவேன். மகன் மூஞ்சி பார்க்காம செத்தவங்க ஊருல நிறைய பேர் இருக்காங்க, நானும் ஒருத்தன்.

இப்படிக்கு,
கொடிமரம்

❖

ஜூன் 9

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. பிழைகளைச் சுழிக்கத் தொடங்கினேன். இரண்டாவது பத்தியிலேயே பேனா களைத்துவிட்டதால் நிறுத்திக்கொண்டேன்.

என் வேலையைப் பற்றித் தங்கள் மகன் சொன்னது அரைகுறை. தாங்கள் புரிந்துகொண்டது அதிலும் அரைகுறை. நாங்கள் சினிமா தியேட்டர்களுக்கு டிக்கெட் விற்கும் மென்பொருள் செய்கிறோம். படம் வெளியாகும் அன்று ஆயிரக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் பட்டனை அமுக்குவார்கள். பாதிப் பேர் கேட்பது ஒரே சீட்டாக இருக்கும். ஒருவருடைய கோரிக்கை சீட்டைத் தொட்டதும் அது உள்தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளும். அவர் முடித்து வெளியே வரும் வரை மற்றவர்கள் நிற்க வேண்டும். ஒருவரை மட்டும் தனியாக ஓடவிட்டு நேரம் பார்க்க என் அம்மாவாலும் முடியும். எல்லோரையும் ஒன்றாக மோதவிட்டு ஒவ்வொருவருக்கும் உண்மையில் எவ்வளவு நேரம் போனது என்று பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

எங்கள் மேலாளரை ஆபீசில் 'ரெண்டு செகண்டு' என்று அழைப்போம். தியேட்டர்காரர்களிடம் அவர் கொடுத்த வாக்கு அது. எத்தனை பேர் வந்தாலும் இரண்டே செகண்டாம். அதற்காக அவர் கண்டுபிடித்த தந்திரம்: தாழ்ப்பாள் கிடைத்த பிறகு கடிகாரத்தை ஓடவிடுவது. வெளியே நின்ற நேரம் கணக்கிலேயே வராது. நான் பட்டனை அமுக்கிய கணத்திலிருந்து அளக்கிறேன். எனக்கு ஒன்பது செகண்டு வருகிறது. மாதக் கடைசிக்குள் அவருடைய இரண்டுக்குக் கீழே என் கையெழுத்து வேண்டுமாம். நான் போடப்போவதில்லை.

இப்படி ஆபீசில் ஒரு செகண்டுக்காகச் சண்டை போடுகிறவள் வீட்டில் தங்கள் குளியலைத் தப்பாக அளப்பேனா?

அளந்த முறையையும் தெரிந்துகொள்ளுங்கள். சமையலறையில் நின்றால் பாத்ரூம் கதவு தெரியாது, ஆனால் பால்கனியில் துணிக்கொடி தெரியும். துண்டு கொடியை விட்டதும் ஆரம்பம். ஈரத் துண்டு கொடிக்குத் திரும்பினால் முடிவு. நான்கு பேருக்கும் ஒரே விதி, ஒரே கடிகாரம்.

ஆகவே தாங்கள் நேரில் வந்து, காகிதத்தைக் கிழித்ததற்கும் என் அம்மா முன்னால் என்னைப் பூச்சாண்டி ஆக்கியதற்கும் மன்னிப்புக் கேட்கவும். அதன் பிறகு மறுபடி அளப்பது பற்றி யோசிக்கிறேன். முதலில் தாங்கள்.

தங்கள் மருமகள்

❖

ஜூன் 14

கனம் நீதிபதி அம்மாளுக்கு,

உன் லெட்டரைப் பிரிச்சதும் கோர்ட் நோட்டீஸுன்னு நெனைச்சு கிளீனரைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னேன். அவன் பாதி படிச்சுட்டு, "அண்ணே, ஜாமீன் கிடைக்குமாண்ணே?"ன்னு கேக்கிறான். வீட்டு மனுஷனுக்கு எழுதும்போது 'தாங்கள்' 'தங்கள்'னு எழுதுறவங்களை நம்பக் கூடாது. வாயில வெல்லம், கையில விளக்குமாறு.

உங்க மேனேஜர் கதை நல்லா இருக்கு. அவரு ரெண்டுங்கிறாரு, நீ ஒன்பதுங்கிற. இதுக்கா ஒரு ஆபீஸே சண்டை போடுது? நடுவுல அஞ்சரைன்னு முடிச்சுட்டு டீ குடிக்கப் போங்க. படிச்சவங்களுக்கு இதுகூடவா தோணல?

சரி, துண்டு விவகாரம். நீ ஆளைப் பார்க்கல, கதவைப் பார்க்கல, துண்டைப் பார்த்திருக்க. நான் பாத்ரூமுக்குப் போகாட்டியும் துண்டு மட்டும் போய் குளிச்சுட்டு வந்தா அதையும் எழுதியிருப்ப. நான் வாலிபத்துல இருந்து தோள்ல துண்டு போட்டே திரிஞ்சவன். அதுக்கெல்லாம் கணக்கு எழுதினா என் வாழ்நாள்ல பாதி குளிச்சிருக்கேன்னு வரும்.

துண்டை எடுத்த உடனே உள்ள போயிடலாம்னு உனக்கு யாரு சொன்னா? அதுக்கு மேல கேக்காத. ஒரு ஆளுக்கு வாக்குக் குடுத்திருக்கேன். நான் உன்னை மாதிரி இல்ல, சொன்னா சொன்னதுதான்.

நீ எழுதி அனுப்பு, வரேன். நீ முதல்ல.

இப்படிக்கு,
துண்டுக்காரன்

❖

ஜூன் 21

மாமாவுக்கு,

'தாங்கள்' போட்டா ஜாமீன் கேக்கிறீங்க. அதனால எனக்கு வாயில வர்றபடியே எழுதுறேன். அஞ்சரை விஷயத்தை ஆபீஸ்ல சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. ரெண்டு செகண்டு மட்டும் சிரிக்கல. "நல்ல யோசனையா இருக்கே"ன்னாரு. உங்களுக்கு அங்க பெரிய உத்தியோகம் காத்திருக்கு.

நீங்க போனதும் மறுபடி ஒரு பேப்பர் ஒட்டினேன். கிழவர் போயாச்சு, இனிமே பாத்ரூம் எப்பவும் காலியா இருக்கும், மத்த குச்சியெல்லாம் இன்னும் குட்டையாகும், அதை உங்களுக்கே தபால்ல அனுப்பி வயித்தெரிச்சலைக் கொட்டிக்கலாம்னு இருந்தேன்.

என் குச்சி வளர்ந்துடுச்சு மாமா.

கொடியில இருந்து துண்டை எடுத்துத் தோள்ல போட்டுட்டுப் போனா கதவு சாத்தியிருக்கு. உள்ள உங்க மகன். தட்டினா "இதோ"ன்னு ஒரு சத்தம். நிக்கிறேன். மறுபடி தட்டினா மறுபடி "இதோ". அந்த "இதோ"வை வெச்சு ஒரு வீடே கட்டலாம். எல்லாம் முடிஞ்சு கதவு ஒரு சாண் திறக்குது, ஒரு கை மட்டும் வெளிய வருது. "துண்டு!"

நானும் பழக்கதோஷத்துல ஓடிப்போய்க் கொடியில இருந்து அவர் துண்டை உருவினேன். உருவின கையோட கடிகாரத்தைப் பார்த்தேன். அப்பத்தான் உறைச்சது. அவருக்கு என் கடிகாரம் ஓட ஆரம்பிக்கிறதே இப்பத்தான். குளிச்சு முடிச்ச ஆளுக்குக் குளியல் ஆரம்பம்னு எழுதியிருக்கேன். அவர் உள்ள உக்காந்திருந்த நேரமெல்லாம் தோள்ல துண்டோட வெளிய நின்ன உங்க தலையில விழுந்திருக்கு.

கடிகாரத்தைத் தப்பான இடத்துல ஆரம்பிக்கிறாருன்னு ஆபீஸ்ல ஒருத்தரை தினமும் மட்டம் தட்டுறேன். அதையே வீட்டுல செஞ்சு, கலர் அடிச்சு, கதவுல ஒட்டியிருக்கேன்.

உள்ள என்னதான் பண்றீங்கன்னு உங்க மகனைக் கேட்டேன். "கதவு சாத்தியிருந்தா யாரும் என்னை எதுக்கும் கூப்பிட மாட்டாங்க"ன்னு சொல்றாரு. மூஞ்சியில வெட்கம் ஒரு துளி இல்ல. அப்பாவுக்குத் தெரியுமான்னேன். "தெரியும், சொல்ல மாட்டாரு"ன்னாரு. நீங்க வாக்குக் குடுத்த மகாராஜா இவர்தானே?

இதனால நீங்க யோக்கியர்னு ஆயிடாது. உள்ள போனப்புறம் பக்கெட்டுல தாளம் போட்டுப் பாடுறது மூணாவது வீடு வரைக்கும் கேக்குது. அதுவும் ஒரே பாட்டு. அதுலயும் நாலு வரிதான் தெரியும்.

அப்புறம் ஒண்ணு. எங்கிட்ட வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். சொல்லாம பேப்பரைக் கிழிச்சு, எங்கம்மாவைச் சிரிக்க வெச்சுட்டுப் போனீங்க. அவங்க இன்னும் போன்ல, "உனக்குப் பயந்துக்கிட்டு ஒளிஞ்சாராமே"ன்னு கேட்டுச் சிரிக்கிறாங்க. அதுக்கு நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லணும். சொன்னா நான் எழுதித் தரேன். முன்னாடி மாட்டேன்.

மருமகள்

❖

ஜூன் 26

மருமகளே,

ஆக, துப்பு துலக்கியாச்சு. ஒரு கையைப் பார்த்ததும் ஞானம் வந்துச்சாக்கும். எனக்குக் கல்யாணத்தன்னைக்கே தெரியும், நீ கட்டிக்கிட்டது ஒரு சோம்பேறியைன்னு. உனக்கு இவ்வளவு வருஷம் ஆகியிருக்கு. இதுல நீ நேரம் பார்க்கிற உத்தியோகம்!

நான் ஏன் சொல்லலன்னா, அவன் "அப்பா, போட்டுக் குடுத்துடாதீங்க"ன்னு கதவுக்கு அந்தப் பக்கம் இருந்து கெஞ்சினான். அது மட்டும் இல்ல. உனக்கு ஒண்ணு சொல்றேன், சிரிக்கக் கூடாது. அவன் உள்ள இருக்கும்போதுதான் நான் வேணும்னே துண்டை எடுத்துட்டுப் போவேன். கதவுல முதுகைச் சாய்ச்சு நின்னுக்கிட்டு அவன்கிட்ட பேசுவேன். அந்த லாரி என்ன ஆச்சு, இந்த ரோட்டுல இப்ப என்ன கட்டுறாங்க, இப்படி ஏதாவது. வெளிய வந்துட்டா "அப்புறம் பேசலாம்ப்பா"ன்னு ஓடிடுவான். உள்ள இருக்கும்போது எங்க ஓடுவான்? மாட்டிக்கிட்டான் பார்த்தியா! அவனும் நல்லாத்தான் பேசுவான், கதவு நடுவுல இருந்தா.

நீ 'காத்திருந்த நேரம்'னு கணக்கு எழுதுறியே, அது எனக்கு அப்படி ஒண்ணும் காத்திருந்த மாதிரி இல்ல. உன் கடிகாரத்துல இதுக்கெல்லாம் முள்ளு கிடையாது.

பாட்டு நாலு வரிக்கு மேல எனக்குத் தெரியும். மிச்சத்தைக் கேக்க உனக்குத் தகுதி இல்லன்னு நிறுத்திக்கிறேன்.

ஆனா மருமகளே, தப்புன்னு தெரிஞ்சும் ஒரு வரி எழுத உனக்குக் கை வரல பாரு. வாய் கிழியுது, கை மட்டும் சுளுக்கிக்கிச்சு. எழுதி அனுப்பு, மறு பஸ்ஸுல வரேன். அதுக்கு முன்னாடி நீ தங்கத்துல படி கட்டினாலும் வர மாட்டேன்.

உங்க மேனேஜருக்குக் கையெழுத்துப் போட்டியா இல்லையா? கிளீனர் தினமும் கேக்கிறான். அவனுக்கு இப்ப கடையைவிட உங்க ஆபீஸ் கதைதான் பெருசாப் போச்சு.

இப்படிக்கு,
கதவுல முதுகு சாய்ச்சவன்

❖

ஜூலை 1

மாமா,

கையெழுத்துப் போடல. கிளீனர் அண்ணன்கிட்ட சொல்லிடுங்க.

தியேட்டர்காரங்க வந்து உக்காந்திருந்தாங்க. நான் எழுந்து, பட்டனை அமுக்கினவர் நிக்கிற நேரமும் அவரோட நேரம்தான், அவருக்கு ரெண்டு இல்ல, ஒன்பதுன்னு சொன்னேன். எப்படி அளந்தேன்னும் காட்டினேன். ஒருத்தர் கொட்டாவி விட்டாரு. இன்னொருத்தர், "நோட்டீஸ்ல ரெண்டுன்னு போட்டாத்தாம்மா பார்க்க நல்லா இருக்கும்"ன்னாரு. ரெண்டு செகண்டு எல்லார் முன்னாடியும் சிரிச்சுக்கிட்டே சொன்னாரு: "உங்க ஒன்பதைக் கொண்டுபோய் உங்க வீட்டுக் கதவுல ஒட்டிக்கோங்க."

எங்க வீட்டுக் கதவைப் பத்தி அவருக்கு யாரு சொன்னாங்கன்னு ஒரு நிமிஷம் ஆடிப் போயிட்டேன்.

கையெழுத்தை வேற ஒருத்தர் போட்டுட்டாரு. பேனா மூடியைக்கூட முன்னாடியே கழட்டி வெச்சிருந்தாரு. என்னைப் புகார் கேக்கிற மேஜைக்கு மாத்திட்டாங்க. இனிமே டிக்கெட் கிடைக்காம ஒன்பது செகண்டு நிக்கிறவங்க எல்லாரும் எங்கிட்டதான் போன் பண்ணித் திட்டுவாங்க.

மாமா, நீங்களும் நானும் இப்ப இருக்கிற நிலைமைக்கு எங்க வேலையில 'டெட்லாக்'னு பேரு. ஒருத்தர் ஒரு சீட்டைப் பிடிச்சுக்கிட்டு அடுத்த சீட்டுக்கு நிப்பாரு. இன்னொருத்தர் அந்த அடுத்த சீட்டைப் பிடிச்சுக்கிட்டு இவர் சீட்டுக்கு நிப்பாரு. ரெண்டு பேரும் விட மாட்டாங்க. அவங்க போக்குல விட்டுட்டா உலகம் முடியுற வரைக்கும் அப்படியே நிப்பாங்க. மிஷின் கொஞ்ச நேரம் பார்க்கும். அப்புறம் ஒருத்தரைப் பிடிச்சு வெளிய தள்ளிடும். யாரு பக்கம் நியாயம்னு கேக்காது. யாரு முதல்ல இருந்து ஆரம்பிச்சா கஷ்டம் கம்மியோ, அவரைத் தள்ளும். மிஷினுக்கு ரோஷம் கிடையாது.

எனக்கு இருக்கு. இந்த வாரம் ஒரு தடவை தோத்தாச்சு. இன்னொரு தடவை, அதுவும் உங்ககிட்ட, என்னால முடியாது. அதனால எழுத மாட்டேன். உங்க மகன் எங்கன்னு கேக்காதீங்க. எங்க இருப்பாருன்னு உங்களுக்கே தெரியும்.

மருமகள்

❖

ஜூலை 5

மருமகளே,

உங்க மேனேஜர் மனுஷனே இல்ல. வழிப்பறிக்காரன்கூட கத்தியைக் காட்டித்தான் பிடுங்குவான், இவன் கடிகாரத்தைக் காட்டிப் பிடுங்குறான். கிளீனர் டயரைக் கழட்டுற ஸ்பேனரை எடுத்துக்கிட்டு, "அண்ணே, அந்த ஆபீஸுக்கு ஒரு லோடு அடிச்சுட்டு வந்துடலாமா?"ன்னு நிக்கிறான். வேணாம்டா, அவன் மேல பட்டா ஸ்பேனர் அழுக்காயிடும்னு உக்கார வெச்சிருக்கேன். கையெழுத்துப் போட்டானே இன்னொருத்தன், அவனுக்கு நான் பேரு வெச்சுட்டேன்: மூடி.

உன் டெட்லாக்கு இங்கிலீஷுல இருக்கிறதால என்னமோ புதுசுன்னு பீத்திக்கிற. ஒரு வண்டி மட்டும் போற பாலத்துல ரெண்டு லாரி நடுவுல மூஞ்சியோட மூஞ்சி நின்னா நாங்களும் இதையேதான் பண்ணினோம். முதல்ல ரெண்டு பேரும் இறங்கி, அப்பன் ஆத்தாளை இழுத்துத் திட்டிக்குவோம். அது முடியுறதுக்கே ரொம்ப நேரம் ஆகும். நாமளும் அதைத்தான் இத்தனை நாளா பண்ணியிருக்கோம், குறை ஒண்ணும் வெக்கல. அப்புறம் ரெண்டு பேரும் எட்டி அடுத்தவன் வண்டிப் பின்னால என்ன இருக்குன்னு பார்ப்போம். லோடு வண்டி நிக்கும். காலி வண்டி பின்னால போகும். அதுல தோத்தவன் கிடையாது, ஜெயிச்சவன் கிடையாது. லோடோட ரிவர்ஸ் எடுத்தா வண்டி ஆத்துல விழும், அவ்வளவுதான்.

உன் வண்டியில இப்ப லோடு இருக்கு. என் வண்டி காலி.

நீ ஒண்ணும் எழுத வேணாம். நான் ரிவர்ஸ் எடுக்கிறேன். மன்னிப்பு கின்னிப்புன்னு வாயைக் கிளறாத, அதெல்லாம் என்கிட்ட ஸ்டாக் இல்ல. உங்கம்மாவுக்கு மட்டும் போன் பண்ணிட்டேன். "உங்க பொண்ணுக்குப் பயந்து ஒளிஞ்சேன்னு சொன்னது பொய்ம்மா, உங்க மருமகன்தான் ஒளிஞ்சிருந்தான்"ன்னு சொன்னேன். இன்னும் சிரிச்சுக்கிட்டிருக்காங்க. ஆனா இப்ப உன்னைப் பார்த்து இல்ல.

ஞாயித்துக்கிழமை வரேன். கொடியில என் துண்டுக்கு இடம் விட்டு வை.

இப்படிக்கு,
காலி வண்டி

❖

ஜூலை 9, பாத்ரூம் கதவுக்கு வெளிய இருந்து

மருமகளே,

இந்தத் துண்டுச் சீட்டைக் கதவுக்குக் கீழ தள்ளுறேன். என் துண்டு தோள்ல இருக்கு. உள்ள இருக்கிறது உன் புருஷன்னு நெனைச்சு ரெண்டு ஊர்க் கதை பேசிட்டேன். பார்த்தா அவன் சமையலறையில டீ போட்டுக்கிட்டிருக்கான். இந்த வீட்டுல இனிமே எதுவும் நடக்கும்.

பைப் சத்தமும் காணோம், பக்கெட் சத்தமும் காணோம். ஆபீஸ் போன்ல இன்னைக்கு எத்தனை பேரு உன்னைத் திட்டினாங்கன்னு கேக்க மாட்டேன். அழுறியான்னும் கேக்க மாட்டேன். அழுதா மூஞ்சி இன்னும் மோசமா இருக்கும், அவ்வளவுதான் சொல்லுவேன்.

எனக்கு ஒண்ணும் அவசரமில்ல. கடிகாரம் ஓடுதா?

மாமனார்

❖

அதே நாள், உள்ள இருந்து

மாமா,

கண்மைப் பென்சில்ல எழுதுறேன், சுழிக்கச் சிவப்பு மை இல்லாததால தப்பிச்சீங்க. நான் இங்க உக்காந்திருந்ததை உங்க மகன்கிட்ட போட்டுக் குடுத்துடாதீங்க.

ஓடுது. என் கணக்குல.

அந்தப் பாலத்துல என்ன திட்டிக்குவீங்க, அதைச் சொல்லுங்க. கதவுகிட்ட வந்துட்டேன், கேக்குது.